ஜீப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர்: எஞ்சினின் மூளையை மாற்றிய கதை

பழைய ஜீப் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் அந்தக் காலத்து மெக்கானிக் மூன்று கேள்விகளைத்தான் கேட்பார். பெட்ரோல் வருகிறதா? தீப்பொறி வருகிறதா? காற்று போகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள் இருந்தால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

1980களில் இந்தக் கதை மாறியது. பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது, தீப்பொறியை எந்த நொடியில் விடுவது என்று முடிவு செய்யும் வேலை ஒரு அலுமினியப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டிதான் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர். அது கெட்டுப்போனால் என்ன செய்வது? கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டவேண்டியதுதானே என்று தோன்றும். அந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் புகை, சட்டம், திருட்டு, நீதிமன்றம் என்று அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் லட்சக்கணக்கில் ஓடிய ஜீப் செரோக்கி வண்டியை எடுத்துக்கொண்டால் அந்த வரலாறு தெளிவாகப் புரியும்.

லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய புகை

1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு நாள் அடர்ந்த புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்களோ என்றுகூட சிலர் பயந்தார்கள். காரணம் எதிரிகள் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

கால்டெக் கல்வி நிறுவனத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டுபிடித்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து இந்தப் புகைமூட்டத்தை உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அதாவது குற்றவாளி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்தது!

1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம், கார்களின் நச்சுப்புகையை ஐந்தாறு வருடங்களில் 90 சதவீதம் குறைக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. முடியவே முடியாது என்றன கார் நிறுவனங்கள். காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது உண்மைதான். ஆனாலும் 1975 மாடல் முதல் பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இடம்பிடித்தது.

14.7 என்ற எண்

சரி, புகைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் ஒரு எண் வருகிறது: 14.7.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும் 'மும்முனை' கன்வெர்ட்டர், இந்த விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். பெட்ரோல் கொஞ்சம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

கார்ப்புரேட்டர் அருமையான கருவிதான். ஆனால் அது உறிஞ்சும் காற்றின் வேகத்தை வைத்துப் பெட்ரோலை இழுத்துவிடுகிற கருவி. குளிர் காலை, மலைப்பாதை, தேய்ந்த ஜெட் என்று ஒவ்வொன்றும் அதன் கணக்கை மாற்றிவிடும். வெளியே போகும் புகையை முகர்ந்து பார்த்து, நொடிக்கு நொடி கணக்கைத் திருத்திக்கொள்ளும் ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. முகர்ந்து பார்க்கும் மூக்கு 1970களின் நடுவில் கிடைத்தது. பாஷ் நிறுவனம் தயாரித்த ஆக்சிஜன் சென்சாரை வால்வோ நிறுவனம் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய 1977 மாடல் கார்களில் பொருத்தியது. மூக்கு சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு மூளை வேண்டுமே!

மூளைக்கான முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1950களின் கடைசியில் பெண்டிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரோஜெக்டர் என்ற மின்னணு பெட்ரோல் தெளிப்பு முறையை உருவாக்கியது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்கள் சிலவற்றில் அதைப் பொருத்தினார்கள். அந்தக் காலத்து மின்னணு பாகங்கள் கார் எஞ்சினின் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் திரும்பவும் கார்ப்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். ஆக, எஞ்சின் கம்ப்யூட்டரைக் கழற்றி மாற்றும் வரலாறு, அது பிறந்த அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அந்தக் காப்புரிமையின் வழியில் வந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் 1967ல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வெற்றிகரமாக ஓடியது. 1971ல் மைக்ரோபிராசசர் பிறந்தபின் வேகம் கூடியது. 1978 மாடல் லிங்கன் வெர்சேல்ஸ் காரில் ஃபோர்டின் கம்ப்யூட்டர் வந்தது. 1979ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் தெளிப்பையும் தீப்பொறியையும் ஒரே பெட்டி கவனித்துக்கொள்ளும் மோட்ரானிக் வந்தது. 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்கள் அனைத்திலும் கம்ப்யூட்டரை வைத்துவிட்டது. 'செக் எஞ்சின்' என்ற சின்ன விளக்கு மக்களின் வயிற்றில் புளியைக் கரைக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

செரோக்கிக்குள் நுழைந்த பெட்டி

ஜீப் செரோக்கி 1984 மாடலாக வந்தபோது கார்ப்புரேட்டரோடுதான் வந்தது. அப்போது ஜீப் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதில் பிரான்சின் ரெனோ நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. 1987 மாடலில் புகழ்பெற்ற 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அதை ஆண்டது ரெனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர். ரெனோ, பெண்டிக்ஸ் என்ற இரண்டு பெயர்களைச் சேர்த்துச் செய்த பெயர் அது. 1950களில் தோற்ற அதே பெண்டிக்ஸ்தான்!

ரெனிக்ஸ் பெட்டியில் ஒரு விசித்திரம் உண்டு. அதற்கு 'செக் எஞ்சின்' விளக்கே கிடையாது. கோளாறு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளவும் செய்யாது. எஞ்சின் ஓடும்போது அந்தந்த நொடியின் அளவுகளை அது சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பதற்குத் தனிக் கருவி இருந்தால்தான் காதில் விழும். அந்தக் கருவி டீலரிடம் இருந்தது. தெருமுனை மெக்கானிக்கிடம் இல்லை.

விளைவு என்ன? வண்டி திணறினால், "கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்லிவிடுவது எளிதாகிவிட்டது. உண்மையில் ரெனிக்ஸ் வண்டிகளின் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்புகளும் அழுக்கேறிய கனெக்டர்களும்தான். சென்சார்கள் அனுப்புவது ஐந்து வோல்ட்டுக்கு உட்பட்ட மிகச் சிறிய மின்னழுத்தம். எர்த் வயரில் அரை வோல்ட் விழுந்தாலே கம்ப்யூட்டர் எஞ்சினைப் பற்றித் தப்புக்கணக்கு போட ஆரம்பித்துவிடும். பத்து நிமிடம் உப்புத்தாளால் தேய்த்தால் தீர்ந்திருக்கவேண்டிய விஷயத்துக்குப் பெட்டியையே மாற்றிய கதைகள் ஏராளம்.

1987ல் கிரைஸ்லர் அமெரிக்கன் மோட்டார்ஸை வாங்கியது. 1991 மாடலிலிருந்து செரோக்கிக்குக் கிரைஸ்லரின் சொந்தக் கம்ப்யூட்டர் வந்தது. இது கொஞ்சம் பேசத் தெரிந்த பெட்டி. சாவியை ஐந்து நொடிக்குள் மூன்று முறை ஆன் நிலைக்குக் கொண்டுபோனால் விளக்கு மினுக்கி மினுக்கி எண்களைச் சொல்லும். 55 என்று மினுக்கினால் "சொல்லவேண்டியது முடிந்தது" என்று பொருள். எந்தக் கருவியும் வாங்காமல் எந்த உரிமையாளரும் தன் வண்டியோடு பேசலாம். அதே 1991 வரை, அதே ஜீப் குடும்பத்தின் கிராண்ட் வேகனீர் கார்ப்புரேட்டரோடு விற்றுக்கொண்டிருந்தது என்பது ஒரு சுவையான முரண்.

1996ல் அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசி கொண்ட ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி கோளாறு எண்கள். இதுவும் புகைச் சட்டத்தின் பிள்ளைதான். வண்டி எவ்வளவு காலம் ஓடினாலும் புகையைக் கண்காணிக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் தனி மெக்கானிக்குகளுக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஒரே ஸ்கேனரை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வண்டியையும் கேள்வி கேட்க முடிந்தது.

பெட்டி ஏன் கெடுகிறது?

பெட்டிக்குள் நகரும் பாகம் எதுவும் இல்லை. பிறகு ஏன் கெடுகிறது?

முதல் காரணம் சூடு. செரோக்கியில் கிரைஸ்லர் பெட்டி இருந்த இடம் எஞ்சின் அறைக்குள்ளேயே, ஓட்டுநர் பக்கத்துத் தகட்டை ஒட்டி. எஞ்சின் சூடாகிறது, ஆறுகிறது, மறுபடி சூடாகிறது. வருடக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கினால் சாலிடர் ஒட்டுகளில் மயிரிழை விரிசல் விழும். "காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானால் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது" என்ற புதிருக்கு இது ஒரு விடை.

இரண்டாவது, கெப்பாசிட்டர். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட சில எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களின் திரவம் வயதானபின் கசிந்து, போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். அந்தக் காலத்து மிட்சுபிஷி வண்டிகள் பலவற்றில் இது பேர்போன நோய். மூடியைத் திறந்தால் மீன் வாடை அடிக்கும் என்பார்கள்.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் அடி. ஷார்ட் ஆன வயர், பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவது, தண்ணீர் புகுவது எல்லாம் இதில் அடக்கம். பழைய பெட்டி செத்ததற்கு ஒரு ஷார்ட் காரணமாக இருந்து, அதைக் கண்டுபிடிக்காமல் புதிய பெட்டியை மாட்டினால், புதியதும் அதே வழியில் போய்ச் சேரும்.

நான்காவது கிரைஸ்லருக்கே உரிய விஷயம். ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டரை அவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அந்தப் பகுதி மட்டும் எரிந்துபோனால் எஞ்சின் நன்றாக ஓடும், பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகாது. உரிமையாளர் பேட்டரியை மாற்றுவார், ஆல்டர்னேட்டரை மாற்றுவார், பணம் கரையும், நோய் தீராது. கடைசியில் குற்றவாளி கம்ப்யூட்டர் என்று தெரியவரும்போது, சிக்கனக்காரர்கள் ஒரு பழைய வித்தையைக் கையாண்டார்கள். கிரைஸ்லரின் பழைய கார்களில் தனியாக இருந்த ரெகுலேட்டரை வாங்கி, வெளியே பொருத்தி, இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் யுகத்தின் நோய்க்கு அதற்கு முந்தைய யுகத்தின் மருந்து!

நல்ல பெட்டியும் பழி சுமக்கும்

கெட்ட பெட்டிகளைவிட, கெட்டதாக நினைத்துத் தூக்கிப்போடப்பட்ட நல்ல பெட்டிகள்தான் இந்த வரலாற்றின் சோகம்.

1997க்குப் பிந்தைய செரோக்கியில் சில நேரம் மீட்டர் பலகை முழுவதும் செத்துப்போய், கிலோமீட்டர் காட்டும் இடத்தில் 'நோ பஸ்' என்று எழுத்து வரும். கம்ப்யூட்டரிடமிருந்து தகவல் வரவில்லை என்பது இதன் பொருள். பார்ப்பவர்கள் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் கிராங்க்ஷாஃப்ட் சென்சார் போன்ற ஒரு சிறு சென்சார் ஷார்ட் ஆகியிருந்தால், அது கம்ப்யூட்டர் எல்லாச் சென்சார்களுக்கும் கொடுக்கும் ஐந்து வோல்ட்டையே கீழே இழுத்துவிடும். கம்ப்யூட்டர் மயங்கிவிடும், சாகவில்லை. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், குற்றவாளியைக் கழற்றிய நொடியில் மீட்டர் உயிர்பெறும்.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பெட்டியைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பேட்டரி, எர்த், ஃபியூஸ், ரிலே, சென்சார், வயரிங் என்று வரிசையாகப் பார்த்து, பெட்டிக்குள் மின்சாரமும் சரியான தகவலும் போகின்றன, ஆனால் வெளியே சரியான கட்டளை வரவில்லை என்று உறுதியானபின்தான் பெட்டியின் மேல் கை வைக்கவேண்டும்.

மாற்றும் வேலையின் நான்கு தலைமுறைகள்

பெட்டியை மாற்றுகிற வேலையைக் கவனித்தால் அதில் நான்கு தலைமுறைகள் தெரியும்.

முதல் தலைமுறையில் ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் முடிந்தது. ரெனிக்ஸ் காலத்துச் செரோக்கி இந்த வகை. அதே வருடம், அதே எஞ்சின், அதே கியர் வகைக்குரிய பெட்டி பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் கிடைத்தால் போதும்.

இரண்டாம் தலைமுறை ஜெனரல் மோட்டார்ஸின் வழி. எஞ்சின், கியர், வண்டியின் எடை ஆகியவற்றுக்கு ஏற்ற கணக்குகள் எல்லாம் 'ப்ராம்' என்ற தனிச் சில்லில் இருந்தன. புதிய கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கினால் சில்லு இல்லாமல்தான் வரும். பழைய பெட்டியிலிருந்து சில்லைப் பத்திரமாகப் பிடுங்கிப் புதியதில் செருகவேண்டும். உடலை மாற்றி உயிரைப் பழையபடியே வைத்துக்கொள்வது போல!

மூன்றாம் தலைமுறையில், 1990களின் நடுவில், அந்தக் கணக்குகள் அழித்து எழுதக்கூடிய நினைவகத்துக்குள் போயின. 1996க்குப் பிந்தைய செரோக்கியில் கைவேலை இன்னும் சுலபம்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்று, 32 ஊசிகள் கொண்ட மூன்று கனெக்டர்களை எடு, சில போல்ட்டுகளைக் கழற்று, புதியதை மாட்டு. ஆனால் அதோடு முடியாது. புதிய பெட்டிக்கு அந்த வண்டியின் அடையாள எண்ணையும் அதுவரை ஓடிய மைல் கணக்கையும் டீலரின் கருவி மூலம் எழுதவேண்டும். இல்லாவிட்டால் கோளாறு எண் பதிவாகும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்ற காலம் வந்துவிட்டது.

நான்காம் தலைமுறைக்குக் காரணம் திருடர்கள். கார் திருட்டைத் தடுக்க, சாவிக்குள் சில்லை வைத்து அதைக் கம்ப்யூட்டரோடு ரகசியமாகக் கைகுலுக்கவைக்கும் இம்மொபிலைசர் வந்தது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயம் இல்லாவிட்டாலும் 1990களின் பிற்பகுதியில் கிரைஸ்லர் உட்படப் பல நிறுவனங்கள் வைத்தன. இப்படிப்பட்ட வண்டியில் வேறு வண்டியின் பெட்டியை மாட்டினால் எஞ்சின் இரண்டு நொடி ஓடிவிட்டு நின்றுவிடும். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, வண்டியின் சொந்தக்காரனையும் அவன் மெக்கானிக்கையும் சேர்த்துத் தடுத்தது.

பெட்டி யாருடையது?

இங்கேதான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. வண்டி உரிமையாளருடையது. பெட்டியும் அவருடையது. அதற்குள் இருக்கும் மென்பொருள்?

1990ல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் இரண்டு நல்ல காரியங்கள் செய்தது. ஒன்று, 1995 மாடல் முதல் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு 8 வருடம் அல்லது 80,000 மைல் வரை தயாரிப்பாளரே பொறுப்பு என்றது. இரண்டு, புகைக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனி மெக்கானிக்குகளுக்கும் தரவேண்டும் என்றது. ஆனால் 1998ல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கியது. பாட்டுக்கும் படத்துக்கும் என்று பேசப்பட்ட சட்டம் காரின் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்று நிறுவனங்கள் வாதாடின.

2012ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவாக 85 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள். டீலருக்குக் கிடைக்கும் கருவியும் தகவலும் நியாயமான விலையில் எல்லா மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே கோரிக்கை. மாநிலத்துக்கு மாநிலம் தனிச் சட்டம் வந்துவிடும் என்று பயந்த கார் நிறுவனங்கள், 2014ல் நாடு முழுவதற்குமான ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன.

2015ல் நடந்தது இன்னும் சுவாரசியம். கார் மென்பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை வேண்டும் என்ற மனு காப்புரிமை அலுவலகத்தின் முன் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே ஜூலையில் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியது. மக்கள் மென்பொருளை மாற்றினால் புகை கூடிவிடும் என்பது அதன் கவலை. செப்டம்பர் 18 அன்று அதே நிறுவனம் உலகையே அதிரவைத்தது. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டரில், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மோசடி மென்பொருளை வைத்திருந்தது என்று அறிவித்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! ஏமாற்றியது தெருமுனை மெக்கானிக் அல்ல, பூட்டை வைத்திருந்தவரே. அந்த அக்டோபரில், பழுதுபார்க்கும் தேவைக்காக வாகன மென்பொருளின் பூட்டைத் திறப்பது குற்றமல்ல என்ற விலக்கு கிடைத்தது.

கவலை இரண்டு பக்கமும் நியாயமானதுதான் என்பதையும் மறந்துவிடக்கூடாது. லாஸ் ஏஞ்சலஸின் கண் எரிச்சலைக் குறைத்தது இந்தப் பெட்டிதான். அதைக் கண்டபடி மாற்றினால் பழைய புகை திரும்பிவரும். ஆனால் பழுதுபார்க்கவே முடியாத பெட்டியும் காற்றுக்கு நல்லதல்ல. தவறான விகிதத்தில் பெட்ரோலைக் குடிக்கும் நோயாளி எஞ்சின், கன்வெர்ட்டரையே எரித்துவிடும்.

இன்னும் ஓடும் வண்டிகள்

அந்தத் தலைமுறைச் செரோக்கியின் அமெரிக்கத் தயாரிப்பு 2001ல் ஓஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரத்தில் நின்றது. மொத்தம் 28 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அந்த 4.0 லிட்டர் எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் சாகாது. இரும்பு தாங்கிவிடுகிறது, போர்டுதான் தாங்குவதில்லை.

அதனால் அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலே வளர்ந்திருக்கிறது. கெட்ட பெட்டியை அனுப்பினால் சாலிடரைச் சரிசெய்து, எரிந்த பாகத்தை மாற்றி, வண்டியின் எண்ணை எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். புதுப்பித்த பெட்டியை விலைக்கு வாங்கினால் 'கோர்' என்று ஒரு முன்பணம் வாங்கிக்கொண்டு, பழைய பெட்டி கைக்கு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பழையது பழுதுபார்க்கப்பட்டு இன்னொரு ஜீப்புக்குப் போகும். பல பெட்டிகளில் போர்டின் மேல் ஈரம் புகாமல் இருக்கப் பசை போன்ற ஜெல்லை ஊற்றியிருப்பார்கள். அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்த பிறகுதான் விரிசலே கண்ணுக்குத் தெரியும்.

2020ல் மாசசூசெட்ஸ் மக்கள் இன்னொரு முறை வாக்களித்தார்கள். இந்த முறை கேள்வி, கார் கம்பியில்லாமல் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல் யாருக்குச் சொந்தம் என்பது. மறுபடியும் உரிமையாளர் பக்கமே வென்றது, கார் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. சாவியை மூன்று முறை திருப்பினால் தன் நோயைத் தானே சொன்ன 1991 செரோக்கியை நினைத்துப் பார்த்தால், இந்த வழக்கு எதற்காக என்பது விளங்கும்.